அம்மை போட்ட வீட்டில் லாவெண்டர்

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போய்விட்டு வந்து வாசலில் உட்கார்ந்து மீன் அலசிக்கொண்டிருந்தபோது, பத்து மணிக்கெல்லாம் தெருமுனையில் அவர் தலை தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

"இன்னாய்யா, இவ்ளோ சீக்கிரம்?"

"தல சுத்துதுமே. மேல ஏறி உக்காந்தா கீய கப்பலு ஆடுது. 'கப்பலு ஆடலடா, நீதான் ஆடறே, எறங்கி வூட்டுக்குப் போ'ன்னுட்டாரு மேஸ்திரி."

தொட்டுப் பார்த்தேன். அனலாகக் கொதித்தது. தானியக் கப்பல் வந்தால் அந்தத் தூசியில் அவருக்கு இருமல் காய்ச்சல் வருவது வழக்கம்தான். அப்படித்தான் இருக்கும் என்று மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்து, போர்த்திப் படுக்க வைத்தேன்.

அறுபதுகளின் கடைசி அது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். அவர் திருவொற்றியூர்க்காரர், மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றும் குடும்பம். நான் ராயபுரத்தில் மாதா கோயில் மணி சத்தத்தில் வளர்ந்தவள். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். என் அம்மா நாலு மாசம் அழுதுவிட்டு, ஐந்தாவது மாசம் கருவாட்டோடு வந்துவிட்டாள். அவருடைய அம்மா வரவே இல்லை. அப்பா இல்லாத வீட்டில் ஒற்றைப் பிள்ளை. அவர்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார். நான் சொல்லி அனுப்பும் விசாரிப்புக்கு அங்கிருந்து பதில் வராது.

மூன்றாம் நாள் காலையில் அவர் சட்டையைக் கழற்றியபோது பார்த்தேன். மார்பிலும் முதுகிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். சிலவற்றின் தலையில் தண்ணீர் கோத்திருந்தது. மத்தியானத்துக்குள் கழுத்துக்கு ஏறிவிட்டது.

நாங்கள் இருந்தது ராயபுரத்தில் ஆறு குடித்தனம் உள்ள ஒரு வளவு. ஒரே குழாய், ஒரே கக்கூஸ். எதிர்ப்போர்ஷன்காரம்மா எங்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தவள், எடுத்த குடத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"யம்மாடி! இது பெரீம்மம்மா! ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லியனுப்பு!"

இப்போது இருப்பவர்களுக்கு அந்த வார்த்தையின் பயம் தெரியாது. அப்போது பெரியம்மை இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. தொத்துநோய் ஆஸ்பத்திரி வண்டி ஏற்றிக்கொண்டு போன சிலர் திரும்பி வரவில்லை. வந்த சிலருக்குக் கண் வரவில்லை. அரைமணி நேரத்தில் குழாயடியில் இருந்த குடங்கள் எல்லாம் எங்கள் வாசல் பக்கத்திலிருந்து தள்ளிப் போய்விட்டன. என்னுடைய ஒரு குடம் மட்டும் தனியாக நின்றது. செருப்பைக்கூடப் போடாமல் மார்க்கெட் பக்கத்து டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் நல்ல மனுஷர். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து வந்தார். ஜன்னலைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார். உள்ளங்காலைப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்து, வளவு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இது சின்னம்மை. பெரியம்மைன்னா எல்லாம் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி கிளம்பும். கை கால் முகத்தில்தான் ஜாஸ்தி வரும். இது மார்லயும் முதுகிலயும்தான் நிறைய. ஒண்ணு இப்பத்தான் மொட்டு விடுது, பக்கத்தில் ஒண்ணு ஏற்கெனவே நீர் கோத்திருக்கு. பயப்பட வேண்டாம்."

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது.

"உனக்கு வந்திருக்காம்மா?" என்று கேட்டார். என் புருவத்தின் மேல் இருக்கும் குழியைக் காட்டினேன். ஆறு வயதில் வந்தது.

"அப்ப நீதான் நர்ஸ். பெரியவங்களுக்கு வந்தா கொஞ்சம் படுத்தும். நகத்தை ஒட்ட வெட்டிடு. சொறிய விடாதே. சொறிஞ்சா புண்ணாகும், சீழ் பிடிக்கும். மத்தபடி அது தானா வந்து தானா போகும்." காய்ச்சலுக்கு மாத்திரையும், தடவுவதற்கு ரோஸ் நிறத்தில் ஒரு லோஷனும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் மாமியார் வந்துவிட்டார்.

யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கை நிறைய வேப்பிலை. அதை வாசலில் செருகுவதற்கு இடம் தேடினார். நிலைப்படிக்கு மேல் இருந்தது ஒரே ஆணி. அதில் மாதா படம் தொங்கியது. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படத்தைக் கழற்றாமல், அதே ஆணியில் வேப்பிலைக் கொத்தைக் கட்டிவிட்டு உள்ளே வந்தார். இரண்டு வருஷத்தில் முதல் முறை.

"வாங்க அத்தே" என்றேன்.

அவர் என்னைத் தாண்டிப் போய் மகனின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"கண்ணு, இந்த வூட்ல தாளிக்கக் கூடாதுன்னு சொல்லு. எண்ணெ தொடக் கூடாது. கறி மீனு வாயே கூடாது. பவுடரு, சென்ட்டு, பூவு ஒண்ணும் ஆவாது. ஆத்தா வந்திருக்கறப்போ வாசன ஆவாதுன்னு சொல்லு."

அவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "யம்மா, அவ இங்கதான் கீறா."

"அதான் சொல்லச் சொல்றேன்."

வாசனை ஆகாது என்றால் நான்தான் வெளியே போகவேண்டும். நான் வேலை பார்த்தது திருவொற்றியூரில் ஒரு வாசனைத் தைலக் கம்பெனியில். சோப்புக்கும் பவுடருக்கும் தலைவலி மருந்துக்கும் போடுகிற தைலங்கள் அங்கே தகர டின்னில் வரும். யூகலிப்டஸ், புல்தைலம், கிராம்பு, சந்தனம், சீமையிலிருந்து கப்பலில் வருகிற லாவெண்டர். அதையெல்லாம் அளந்து சின்ன பாட்டில்களில் ஊற்றி மூடி போடுவது எங்கள் பத்துப் பெண்களின் வேலை. எத்தனை குளித்தாலும் அந்த வாசனை போகாது. பஸ்ஸில் நாங்கள் ஏறினால் கண்டக்டர் திரும்பிப் பார்க்காமலே, "தைலக் கம்பெனி ஸ்டாப் ரெண்டு" என்று டிக்கெட் கிழிப்பார். மாமியார் சொன்னதற்காக அன்று மூன்று தடவை சீயக்காய் போட்டுக் குளித்தேன். புடவையை மாற்றினேன். அப்படியும் நான் பக்கத்தில் போனால் அவர் மூக்கைச் சுருக்கினார்.

ஐந்தாம் நாள்தான் அரிப்பின் முழு உருவம் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் சின்ன ஆள் இல்லை. ஆறடி. கையைப் பிடித்தால் இரும்பு மாதிரி இருக்கும். அந்த ஆள் பாயில் உட்கார்ந்து, தூணில் முதுகைத் தேய்க்கிற மாடு மாதிரி சுவரில் தேய்த்தார். நான் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு கையையும் சுற்றிக் கட்டினேன். பல்லால் அவிழ்த்தார். மறுபடியும் கட்டினேன். ரோஸ் லோஷன் தடவினால் அரைமணி நேரம் குளிர்ச்சியாக இருக்கும். காய்ந்து பொருக்கானதும் இன்னும் அதிகமாக அரிக்கும். மாமியார் வேப்பங்கொழுந்துக் கொத்தால் மெதுவாக வருடிக்கொண்டே இருந்தார். அதில் சுகம் இருந்தது, நான் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வருடுகிற கை ஓய்ந்தால் அரிப்பு திரும்பிவிடும். அவர் கை ஓயக்கூடாது என்று இடது கைக்கும் வலது கைக்கும் மாற்றி மாற்றி மணிக்கணக்கில் வருடினார்.

ஆறாம் நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் அழுதுவிட்டார். சத்தம் போட்டு அல்ல. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அவ்வளவுதான். "தோலக் கயட்டிப் போட்டுட்லாம் போல கீதுமே" என்றார்.

மாமியார் இளநீர் வாங்க வெளியே போயிருந்தார். எனக்கு அப்போது புத்தி வேலை செய்யவில்லை. அலமாரியில் யூகலிப்டஸ் தைலம் இருந்தது, எங்கள் கம்பெனியுடையது. சளிக்குத் தடவினால் ஜில்லென்று இருக்குமே, அரிப்புக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பஞ்சில் நனைத்து முதுகில், அவர் சொறிந்து தோல் உரிந்திருந்த இடத்தில், அப்படியே வைத்துவிட்டேன்.

அவர் போட்ட சத்தத்தில் எதிர்ப்போர்ஷன் கதவு திறந்தது. நெருப்பு வைத்த மாதிரி துள்ளினார். நான் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். பஞ்சு பட்ட இடமெல்லாம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. நான் துண்டால் ஒற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் இளநீரோடு மாமியார் நின்றுகொண்டிருந்தார். வீடெல்லாம் தைல வாடை.

"இன்னா பண்ணே?" என்றார். என்னைப் பார்த்து. "இன்னா பண்ணே என் புள்ளைய? அவனக் கொல்லப் பாக்கறியா?"

அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. தப்பு என்னுடையது.

அன்று சாயங்காலம் பஸ் ஏறாமல் கம்பெனிக்கு நடந்தே போனேன். உள்ளே போகவில்லை. அம்மை வீட்டிலிருந்து வந்தவள், பத்துப் பெண்களுக்கு நடுவே போய் நிற்கக்கூடாது. கேட்டில் நின்று வாட்ச்மேனிடம் கெமிஸ்ட் ஐயாவைக் கூப்பிடச் சொன்னேன். அவர் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனுஷர். நெல்லூர்ப் பக்கம். போன வருஷம் பாட்டில் மூடியில் வைக்க அரக்கு உருக்கும்போது என் கூட வேலை செய்த பெண்ணுக்குக் கை வெந்துபோனபோது, தண்ணீரில் வெகுநேரம் கையை வைக்கச் சொல்லி, அப்புறம் இரண்டு நாள் கழித்து லாவெண்டர் கலந்த எண்ணெய் தடவக் கொடுத்தவர் அவர்தான். அது என் நினைவில் இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். யூகலிப்டஸ் வைத்ததைச் சொல்லும்போது அவர் முகம் மாறியது.

"புண்ணில் அப்படியே வெச்சியா? நாலு வருஷமா கையில் பிடிக்கிறே, அது என்னன்னு தெரியலையா உனக்கு? உள்ளே ஒரு துளி கீழே சிந்தினா தரை பெயின்ட் போயிடுது. மனுஷன் தோல் தாங்குமா? யூகலிப்டஸ், கிராம்பு, புல்தைலம், மூணும் கிட்டவே கொண்டு போகாதே."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் உள்ளே போனார். போகச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பழுப்பு பாட்டிலோடு திரும்பி வந்து, கேட்டின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"லாவெண்டர். சாம்பிள் பார்த்தது போக மீதி. ஒரு சின்னக் கிண்ணம் தேங்காய் எண்ணெயில் நாலு சொட்டு. நாலுன்னா நாலுதான். முதலில் நல்ல தோலில் ஒரு இடத்தில் தடவிப் பார். சிவக்கலைன்னா அப்புறம் தடவு. கண்ணுகிட்ட, வாய்கிட்ட, திறந்த புண்ணில் கூடாது. அம்மை இதனால் போகாது, தெரிஞ்சுக்கோ. அரிப்பு கொஞ்சம் அடங்கலாம், அவ்வளவுதான். எதுக்கும் டாக்டரைக் கேட்டுட்டுச் செய்."

கேட்டேன். டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "எங்க காலேஜ் மேட்ரன் இப்படித்தான் மணப்பாங்க" என்றார். "மருந்துன்னு நான் சொல்லமாட்டேன். காய்ஞ்ச இடத்தில் தடவு. ஆள் அமைதியா இருந்தா அதுவே பாதி. சிவந்தாலோ எரிஞ்சாலோ உடனே நிறுத்திடு."

பாட்டிலை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் மாமியாரைத் தாண்டி எப்படிப் போவது?

மறைத்துச் செய்ய எனக்கு மனசில்லை. மறுநாள் காலையில் அவர் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது எதிரில் போய் உட்கார்ந்தேன். கெமிஸ்ட் சொன்னது, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். நேற்று நான் செய்தது தப்பு என்றும் சொன்னேன்.

"எண்ணெ ஆவாது. வாசன ஆவாது" என்றார். கஞ்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணா கலந்து எட்டாந்துகினு கீறே."

பாயிலிருந்து அவர் குரல் வந்தது. "யம்மா, ஆத்தா என் ஒடம்புலதானே கீறா? நான் கேட்டுக்கறேன் அவள. போடச் சொல்லு."

"வாய மூட்ரா" என்றார் மாமியார்.

ஆனால் எழுந்து போகவில்லை. கஞ்சி ஆறி ஏடு கட்டுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு முந்தானையை விலக்கி, இடது கையை என் பக்கம் நீட்டினார்.

"மொதல்ல என் கைல போடு."

கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு சொட்டு விட்டேன். அவர் முழங்கைக்கு உள்பக்கம் தடவினேன். உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் காய்ந்த கை. நான் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கல்யாணத்தன்று காலில் விழக்கூட வாய்க்கவில்லை. அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்று முழுக்க அவர் அந்தக் கையை முகர்ந்துகொண்டே இருந்தார். பாத்திரம் கழுவும்போது ஒரு தடவை, மகனுக்கு விசிறும்போது ஒரு தடவை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் விட்டுவிடுவார். சாயங்காலம் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சிவக்கவில்லை.

"காலைல கோயிலுக்குப் போய் பூ போட்டுக் கேட்டுகினு வரேன்" என்றார். "அவ சரின்னா சரி. வேணான்னா நீ இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது."

பூ போட்டுக் கேட்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. அம்மன் காலடியில் இரண்டையும் போட்டு, யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. நான் என் பங்குக்கு விடிந்ததும் மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

எட்டு மணிக்கு மாமியார் வந்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பிரித்த வாழையிலைத் துண்டில் வெள்ளை மல்லி.

"சரின்னுட்டா" என்றார். "எட்டாந்து தடவு."

காய்ந்த இடமாகப் பார்த்து, நடுவிரல் நுனியால், ஒவ்வொரு பொருக்காகத் தடவினேன். நான் சுட்ட இடத்தை விட்டுவிட்டேன். முதலில் அவர் உடம்பை இறுக்கிக்கொண்டிருந்தார், முந்தாநாள் பயம். பிறகு தோள் தளர்ந்தது. மாமியார் விசிறினார். எண்ணெய்தான் பொருக்கை மெத்தென்று ஆக்கியதா, வாசனைதான் மனசை அடக்கியதா, அல்லது அம்மையே இறங்குகிற நேரமா, எனக்குச் சொல்லத் தெரியாது. முக்கால் மணி நேரத்தில் அவர் குறட்டை விட்டார். அம்மை போட்டதிலிருந்து முதல் நிஜத் தூக்கம். கை இரண்டும் கட்டில்லாமல் பாயில் கிடந்தன.

நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டோம். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. அதற்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

மாமியார் குளிக்கப் போனார். கோயிலிலிருந்து கொண்டுவந்த பிரசாதத் தட்டை எடுத்து வைக்கலாம் என்று எடுத்தேன். திருநீற்றுக்குப் பக்கத்தில், பிரிக்காத இன்னொரு பொட்டலம் கிடந்தது. சிவப்புப் பூ. படத்துக்கு வைக்கலாம் என்று நூலை அவிழ்த்தேன்.

அதிலும் வெள்ளை மல்லிதான்.

நான் அதை மறுபடி கட்டுவதற்குள் அவர் ஈரத் தலையோடு வந்துவிட்டார். என் கையைப் பார்த்தார். அவர் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, என் பக்கத்தில், என் தோள் உரசும்படி உட்கார்ந்தார். தூங்குகிற மகனைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் பேசினார்.

"இவனுக்கு மேல ஒரு பொண்ணு இருந்துச்சி எனக்கு. சொல்லிக்கிறானா?"

"இல்ல அத்தே."

"அவனுக்கு ஞாபகம் இருக்காது. இவனுக்கு நாலு வயசு அப்போ. கார்ப்பரேசன்லேர்ந்து அம்ம வராம இருக்க ஊசி குத்த வந்தாங்க. ஆத்தா கோச்சிக்குவான்னு எல்லாரும் சொன்னாங்க. நான் பொண்ண வெறகுக்குப் பின்னால ஒளிச்சி வச்சேன். குத்தறவன் இவனப் பாத்துட்டான், இவனுக்குக் குத்திட்டுப் போய்ட்டான். அது வாயே தொறக்காம ஒளிஞ்சிகினு இருந்துச்சி. சொன்ன பேச்சு கேக்கற பொண்ணு." மகன் பக்கம் விசிறியை இரண்டு தடவை வீசினார். "அடுத்த மாசம் பெரீம்ம வந்துச்சி. இவன் தப்பிச்சிட்டான். அது போய்டுச்சி."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து ராத்திரிலாம் ஓசன பண்ணேன். அன்னிக்கும் ஆத்தாவக் கேக்காமத்தான் நானே முடிவு பண்ணேன், அவ கோச்சிக்குவான்னு. அவ எங்க சொன்னா? அவ பெத்தவ மாதிரி. புள்ள அயுவறதப் பாத்துகினு வேணான்னு சொல்லுவாளா? அதான் வேணாங்கறதுக்கு எடமே வைக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ இத அவன்கிட்ட சொல்லாத."

அத்தை உயிரோடு இருந்தவரை நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வேலை பங்காகிவிட்டது. காலையில் அவர் வேப்பிலையால் வருடுவார், மத்தியானம் நான் எண்ணெய் தடவுவேன். தாளிப்பு வேண்டாம், கறி வேண்டாம் என்பதையெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டேன். சொட்டு விடும்போது அவர் பக்கத்தில் நின்று, "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு, போதும் போதும்!" என்று எண்ணுவார். ஒருநாள் இவர், "இன்னும் ரெண்டு சொட்டு வுடேன்மே, சுகமா கீது" என்றபோது, எனக்கு முன்னால் அவர் பாய்ந்தார்: "நாலுன்னா நாலுதான்! கெமிஸ்ட்டு சொல்லிக்கிறாரு!" கெமிஸ்ட் யார், என்ன என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு சாமி மாதிரி மரியாதை வந்துவிட்டது.

பதினோராம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். வளவு முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்தோம். முதல் செம்பை மாமியார் ஊற்றிவிட்டு, இரண்டாவதை என் கையில் கொடுத்தார். பொருக்குகள் தண்ணீரோடு போயின. எதிர்ப்போர்ஷன்காரம்மா தன் குடத்தைக் கொண்டுவந்து எங்கள் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ராசா மாதிரி கீறாரு" என்றாள். முகத்தில் ஏழெட்டு வடு இருந்தது. முதுகில் நான் சுட்ட இடத்தில் கையகலத்துக்குக் கறுப்பாக ஒரு தழும்பு தங்கிவிட்டது. அதைக் கேட்டவர்களுக்கெல்லாம், "இது ஆத்தா போட்டது இல்ல, என் பொண்டாட்டி போட்டது" என்பார்.

அந்தக் கோடையில் எங்கள் தெருவில் இன்னும் நாலைந்து வீடுகளில் அம்மை போட்டது. சமாசாரம் பரவி, எண்ணெய் கேட்டு ஆட்கள் வந்தார்கள். பாட்டிலில் மீதி இருந்ததை நான் கொடுத்தேன். கூடவே மாமியாரும் போனார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் டாக்டரிடம் காட்டினார்களா என்று கேட்பார். காட்டவில்லை என்றால் திட்டுவார். கைக்குழந்தைக்கு வந்திருந்த ஒரு வீட்டில் பாட்டிலைத் திறக்கவே விடவில்லை. "பச்சப் புள்ள தோலுக்கு இதெல்லாம் ஆவாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க" என்று கூடவே நடந்து போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். அடுத்த முறை அம்மை குத்துகிறவர்கள் தெருவுக்கு வந்தபோது, கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளை விரலால் காட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்பினேன். இவருக்கு இன்னும் கிரேன் ஏறத் தெம்பு வரவில்லை என்று மாமியார் எங்களோடே தங்கியிருந்தார். ஊருக்குப் போவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காலையில் அவசரத்தில் நான் சாப்பாடு எடுக்காமல் ஓடிவிட்டேன்.

மத்தியான மணி அடித்ததும் வாட்ச்மேன் வந்து, கேட்டில் யாரோ என்னைக் கேட்கிறார்கள் என்றார். போய்ப் பார்த்தேன். வெயிலில், இடுப்பில் தூக்குச்சட்டியோடு மாமியார் நின்றுகொண்டிருந்தார். ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"எங்க எறங்கறதுன்னு எப்டி தெரிஞ்சிச்சி அத்தே?"

"மூக்கு இல்ல எனக்கு?" என்றார்.

கூட வேலை செய்கிற பெண்கள் பின்னாலேயே வந்துவிட்டார்கள். யாரு, யாரு என்று என் தோளைச் சுரண்டினார்கள். "எங்க அத்தே" என்றேன். அவர் கம்பிக்குள் தலையை விட்டு, உள்ளே வரிசையாக அடுக்கியிருந்த பாட்டில்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு தூக்குச்சட்டியை என் கையில் வைத்தார்.

"சூடா கீது, துன்னு. நான் மரத்து நெயலுல உக்காந்துகினு கீறேன். சட்டிய எட்டுகினு போவணும்."

மரத்தடியில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.